கார்டு சூடான சனிக்கிழமை

என் கோபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் பொங்கி வழிந்தாலும் தெருமுனை வரை கேட்கும்படி கத்துகிறவள் நான். கத்தி முடித்ததும் மறந்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்கிறேன். சென்னைக் கம்பெனி எல்லாரையும் திரும்ப ஆபீசுக்கே வரச் சொல்லிவிட்டது. நான் கெஞ்சியதில் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். ஒரு வெள்ளக் காட்சியைத் திங்கள் காலை பத்து மணிக்குள் வீட்டிலிருந்தே முடித்து அனுப்பினால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் சென்னைதான். என் வீட்டுக்காரரால் உடன் வர முடியாது. அவருக்குப் பீங்கான் பட்டறையில் வேலை, மாமனார் வேறு படுத்த படுக்கை.

சனிக்கிழமை மதியம் வேலை பாதியில் நின்றது. கிராபிக்ஸ் கார்டு தொண்ணூறு டிகிரியைத் தாண்டி, கம்ப்யூட்டரே அணைந்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டு, ஃபேன் கிடையாது. அதன்மேல் ஒரு செம்புக் கட்டை, கட்டைக்குள் மயிரிழை வாய்க்கால்கள். பம்ப் அதன் வழியாகக் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தை ஓட்டிச் சூட்டை வெளியே கொண்டுபோகும். டியூப்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று கொதித்தது, மற்றொன்று ஜில்லென்று இருந்தது. ஓட்டமே இல்லை.

கட்டையைக் கழற்றித் திறந்தேன். வாய்க்கால் முழுக்க வெள்ளையாகக் கூழ் அப்பியிருந்தது.

"ஏங்க, இதுல குழாத் தண்ணிய ஊத்துனீங்களா?" என்று கத்தினேன்.

அவர் வாசற்படியிலேயே நின்றார். "இல்ல. கொறைஞ்சி இருந்துச்சேன்னு பேட்டரி தண்ணி ஊத்துனேன்."

"சத்தியமா?"

"சத்தியமா குழாத் தண்ணி ஊத்தல."

பேட்டரித் தண்ணீரில் உப்பு இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நம்பவில்லை. பக்கெட், ஹீட்டர் எல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிற ஊரில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் உப்புதான். உப்புக்கு வினிகர். கட்டையை வினிகரில் ஊறப் போட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "உசுர வாங்காம போங்க!" என்றேன். போய்விட்டார்.

ஞாயிறு காலையில் எடுத்துப் பார்த்தால் கூழ் கல்லாகியிருந்தது. ஊசியால் குத்தினேன், டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். ம்ஹூம். அப்படியே மாட்டி ஓட்டினால் ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. இந்தக் கட்டை எங்கள் ஊரில் எந்தக் கடையில் கிடைக்கும்? ஆன்லைனில் போட்டால் வர நாலு நாள். அய்யோ, எல்லாம் போச்சே என்று தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தண்ணியோட ரெண்டு சொட்டு சிலிகேட்டும் வுட்டேன்" என்றார்.

பட்டறையில் களிமண் குழம்பு இறுகிக்கொண்டால் சோடியம் சிலிகேட் சில சொட்டு விடுவார்கள். இளகித் தண்ணீராக ஓடும். இருபது வருஷமாக அவர் கை பழகிய வேலை அது.

"ஓட்டம் மெதுவா இருந்துச்சு. வேலை முடியாம போயி, நீ இந்த வூட்ட வுட்டுப் போற மாதிரி ஆயிடக்கூடாதேன்னுதான்..."

போனில் தேடிப் பார்த்தேன். சிலிகேட்டில் வினிகர் மாதிரி புளிப்பு பட்டால் கல்லாக இறுகிவிடுமாம். வெந்நீரில் அலசியிருந்தால் சனிக்கிழமையே பெரும்பாலும் போயிருக்கும்.

"நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"நீ கத்துவியேன்னு பயந்துட்டேன்."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை பத்து மணி ஆனபோது வெள்ளக் காட்சி பாதியிலேயே நின்றிருந்தது, இருவரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த வாரம் அவரே ஜங்ஷனுக்கு வந்து என்னை ரயில் ஏற்றிவிட்டார். இப்போது சென்னையில் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறேன். தினமும் சாயங்காலம் போன் செய்கிறார்.

"சாப்டியா?"

"சாப்டேன். மாமா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. ஒரு கொறையும் இல்ல."

மாமனார் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டதைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விழுந்து எட்டு நாள் ஆகிவிட்டதாம். அன்று சாயங்காலமும் அவர் போன் செய்தார், நல்லா இருக்காரு என்றார். ஏன் மறைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.