நாற்பது நாள் லீவும் ஒரு பெட்ரோல் டேங்கும்

என் கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் சித்தூருக்கு வருவார். பதினான்கு வருடமாக எங்கள் குடித்தனம் இப்படித்தான் நடக்கிறது.

நான்காவது முறை வந்தபோது, சாந்திபுரம் பக்கம் யாரோ ஒருவருடைய தோட்டத்தில் கிடந்த பழைய காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். எங்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்த கார். நான்கு டயரும் மண்ணோடு மண்ணாகியிருந்தன. பானெட்டைத் திறந்தால் உள்ளே அணில் கூடு.

"இது எதுக்குங்க இப்போ?" என்றேன்.

"நான் இங்க இருந்தேன்னு சொல்லிக்க எதுனா ஒண்ணு வேணாமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த லீவு முழுக்க எஞ்சின் வேலையிலேயே போனது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் துணைக்கு வருவார். தெலுங்குக்காரர், என்னை அக்கா என்பார், என் வயதுதான் இருக்கும். அடுத்த லீவில் தகர வேலையும் பெயிண்டும். முதலில் எனக்கு அந்தக் கார்மேல் எரிச்சலாக இருந்தது. வந்திருப்பதே நாற்பது நாள், அதில் பாதி நாள் காருக்கு அடியில் படுத்திருந்தால் எப்படி? பிறகு ஒன்று கண்டுபிடித்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பேசுவார். போனில் பேசாததெல்லாம், கை வேலையில் இருக்கும்போது தானாக வரும். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். பத்தா பன்னிரண்டா என்று அவர் கேட்பதற்குள் கையில் வைப்பேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் நான், வீட்டில் மெக்கானிக்கின் கையாள்.

கார் வந்த பிறகு மூன்றாவது லீவில் பெட்ரோல் டேங்க். டிக்கியிலிருந்து கழற்றிக் கவிழ்த்தபோது டீத்தூள் மாதிரி துரு கொட்டியது. துரு போக ஆசிட் ஊற்றி, உள்ளே ஒரு பிடி சின்ன நட்டுகளைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து, என்ன ஏது என்று பார்த்துவிட்டுப் போனார். சோடா உப்புத் தண்ணீரில் கழுவினோம். மகளின் ஹேர் டிரையரால் உலர்த்தினார். அவள் கத்தினாள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக, மறுபடி துருப் பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு கோட்டிங் ஊற்ற வேண்டும். அதைச் செய்தது அவர் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம். மறுநாள் காலை சென்னையில் விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது. அவர் புழக்கடையில் டேங்கை அப்படியும் இப்படியும் புரட்டிக்கொண்டிருந்தார். நான் பின்வாசற்படியிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும். கைய கழுவிக்கினு வாங்க. நாளைக்கு இந்நேரம் நீங்க இங்க இருக்க மாட்டீங்க."

டேங்கை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். எழுந்து வந்துவிட்டார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து தோசை சாப்பிட்டோம். மகள் காலேஜைப் பற்றி ஏதோ சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து டேங்கை மெக்கானிக் மாட்டினார். பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் நானே ஓட்டிப் போனேன். ஊருக்குள் கார் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து மகள் திருப்பதியில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு, சனிக்கிழமை அவளைப் பார்க்கக் காரிலேயே புறப்பட்டேன். பாகாலாவைத் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. அரைமணி நேரம் கழித்து சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பியது. அடுத்த வாரமும் கிட்டத்தட்ட அதே இடம், அதே அரைமணி நேரம். மெக்கானிக் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார், பெட்ரோல் பம்பை மாற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மெக்கானிக்கே உடன் வந்தார். வண்டி நின்றதும் இறங்கிப் போய் பெட்ரோல் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம், வெளிக்காற்றை டேங்க் உறிஞ்சுகிற சத்தம். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"லோபலிகி காலி போலேதக்கா!"

காலி என்றால் தெலுங்கில் காற்று. உள்ளே காற்றுப் போகவில்லை என்கிறார். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், அதற்கென்று டேங்கின் தலையில் ஒரு சின்னக் குழாய் உண்டு, அது அடைத்திருக்கிறது என்று விளக்கினார். காற்று வராவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளும். நிறுத்தி வைத்தால் எங்காவது இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று ஏறும், வண்டி மறுபடி ஓடும்.

அங்கேயே நின்று கணவருக்குப் போன் செய்தேன்.

"டேங்க்ல காலி இல்லையாம்."

"காலி இல்லன்னா நல்லதுதானே? பெட்ரோல் கீதுல்ல?"

"ஐயோ, தெலுங்கு காலிங்க. காத்து! காத்து போற பைப்பு அடச்சிக்கினு கீதாம்."

அவர் வேலை செய்துகொண்டிருந்த மொட்டைமாடியில் மெஷின்கள் இரைவது கேட்டது.

"கோட்டிங் காயறவரைக்கும் அந்தப் பைப்புல ஊதிக்கினே இருக்கணும்" என்றார் மெதுவாக. "இல்லன்னா உள்ளயே இறுகிப் பூடும். எனக்குத் தெரியாதா? டெய்லி ஏசி பைப்புல காத்த உறிஞ்சி வேக்கம் போடறதுதான் என் பொழப்பே. ரெண்டு வாட்டி ஊதினேன். அப்பறம் நீ கூப்ட்ட. நான் வந்துட்டேன்."

குறை சொல்கிற குரலில்லை. நல்ல விஷயம் ஒன்று ஞாபகம் வந்தவர் போலத்தான் சொன்னார். மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துவிடப் போகிறாரே என்று ரோட்டின் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"அத யாரும் தொட வேணாம்னு சொல்லு" என்றார் பிறகு. "இன்னும் நாலு மாசந்தானே. நானே வந்து எடுக்கறேன். அதுவரைக்கும் மூடிய லூசா வெச்சிக்கினு ஓட்டு."

மெக்கானிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அண்ணன் சொன்னால் சரி என்று விட்டுவிட்டார்.

நான்கு மாதம் மூடியை அரைச்சுற்றுத் தளர்த்தி வைத்து ஓட்டினேன். சேலையிலெல்லாம் பெட்ரோல் வாடை. வகுப்பில் முன்பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வாடை வேண்டியிருந்தது. லீவு நாட்களில் அவர் லுங்கியில் அடிக்கும் வாடை அது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்த பிறகும் சேலையை உடனே மாற்ற மாட்டேன்.

நான்காவது மாதம் வீடியோவில் வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். கம்பெனி புதுக் கட்டிடம் ஒன்றை எடுத்திருக்கிறது, யாருக்கும் லீவு இல்லை, அடுத்த வருடம்தான் என்றார். "சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? போனை வைத்துவிட்டு, காரில் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்கேயும் போகவில்லை.

அந்த வாரம் அலிபிரி பக்கம் மகளோடு போய்க்கொண்டிருந்தேன். வளைவில் திரும்பும்போது மூடி வழியாகப் பெட்ரோல் சிந்தி வண்டியின் பக்கவாட்டில் வழிந்திருக்கிறது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் கத்திக்கொண்டே வந்து மறித்தார். மகள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"நைனா வர்றவரைக்கும் இப்டியேதான் ஓட்டப் போறியாம்மா? யார்னா பீடியத் தூக்கிப் போட்டா இன்னா ஆவும்?"

அன்றே கணவரிடம் சொன்னேன், வெள்ளிக்கிழமை டேங்கைக் கழற்றப் போகிறேன் என்று. அவருக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு.

"சரி. ஆனா எனக்குக் காட்டு" என்றார்.

மெக்கானிக் டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, தீப்பொறிக்கு வழியில்லாமல் உள்ளே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மீதியை நான் செய்கிறேன் என்றேன். அவரை வீடியோவில் கூப்பிட்டு, ஆயில் டின்மேல் போனைச் சாய்த்து வைத்தேன். ஏதோ ஒரு ஸ்கூட்டரின் பழைய கிளட்ச் ஒயரை அந்தக் குழாய்க்குள் விட்டுத் திருக வேண்டும்.

"தள்ளாத. சுத்து. கொஞ்சம் வெளிய எடு. தொடச்சிட்டு மறுபடியும் விடு."

ஒருமணி நேரத்துக்குமேல் ஆனது. விரலெல்லாம் ஒயர் குத்தியது. சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகக் கோட்டிங் வந்துகொண்டே இருந்தது. திடீரென்று ஒயர் தடங்கலில்லாமல் உள்ளே போனது. மெக்கானிக் சைக்கிள் பம்பைக் குழாயில் பொருத்திக் கொடுத்தார். ஒரு அடி அடித்தேன். டேங்குக்குள் இருந்த தண்ணீரில் காற்று குமிழியிட்டு மேலே வந்தது.

"கேக்குதாங்க?"

"இன்னொரு வாட்டி அடி."

அடித்தேன்.

"இன்னொரு வாட்டி."

எத்தனை தடவை அடித்தேனோ தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது திரையில் அவர் முகம் இல்லை. போனைப் படுக்கையில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. அவர் படுக்கும் அடுக்குக் கட்டிலில், மேல்கட்டிலின் அடிப்பலகையும், அதில் ஒட்டிய எங்கள் மகளின் பள்ளிக்கூடப் போட்டோவும் தெரிந்தன. மெக்கானிக் டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

இப்போது திருப்பதிவரை வண்டி எங்கும் நிற்பதில்லை. மூடியை இறுக்கி மூடுகிறேன், வாடையும் இல்லை.

போன வாரம் அவர் கேட்டார், "வண்டில இன்னா வேல பாக்கி கீது?"

"ஒண்ணுமில்லங்க. சூப்பரா ஓடுது."

அவர் "ஓ" என்றார். டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டார். வைத்த பிறகுதான், அவர் வந்து செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேனே என்று எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்புமுன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன், ஹார்னை அடித்துப் பார்த்தேன், ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினேன். பின்பக்க இடது கதவு மேல்மூலையில் சரியாகப் படியவில்லை. அங்கே அவருக்கு விடிந்துகூட இருக்காது, ஆனாலும் கூப்பிட்டேன்.

"பின்னாடி லெப்ட் கதவு படிய மாட்டேங்குது."

"எவ்ளோ இடுக்கு?" தூக்கம் ஒரேயடியாகப் போய்விட்ட குரல். "மழ பேஞ்சா தண்ணி வருமா? கீல்லதான் தகடு வெக்கணும். மெக்கானிக் கிட்ட சொல்லிடாத, நான் வந்து பாக்கறேன்."

"யாருகிட்டயும் சொல்லல."

"கேமராவத் திருப்பு."

திருப்பினேன். எவ்வளவு என்று தெரிவதற்காக இடுக்கில் சுண்டுவிரலை வைத்துக் காட்டினேன். முதல் பீரியடுக்கு நேரமாகிவிட்டது. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று கையை எடுக்காமல் நின்றேன்.