ஐந்து பல்

நீரில் மூழ்கும்போது மாட்டும் முகக்கண்ணாடிக்குள் எச்சில் துப்பி, விரலால் தேய்த்து, கடல்நீரில் அலசினாள். படகில் எதிரே உட்கார்ந்திருந்த கணவர் முகம் சுளித்தார்.

"மங்காம இருக்கத்தாங்க. உங்களுதுலயும் நானே துப்பிடவா?"

சுற்றுலா வருபவர்களைக் கடலடிப் பாறைகளுக்குக் கூட்டிப்போவது அவள் தொழில். மற்றவர்கள் ஆமையையும் திருக்கையையும் தேடிப் போவார்கள். இவள் கடல் முள்ளெலியின் முன்னால் நின்றுவிடுவாள். பாறையில் ஒட்டிக்கிடக்கும், ஊசி குத்திய பந்து போன்ற பிராணி அது. படகுக்காரர்களுக்கு இவள் முள்ளக்கா.

நீருக்குள் தலைகீழாக மிதப்பாள். கால்கள் மேலே, முகம் பாறையருகே, கைகள் அக்குளுக்குள். காலில் மாட்டிய துடுப்பு பட்டு மணல் கலங்கினால் அன்றைய காட்சி போச்சு. யாராவது பாறையைப் பிடித்துக்கொண்டால் கரைக்கு வந்ததும் கேட்பாள்: "அது என்ன பஸ்ஸா, கம்பியப் பிடிச்சுக்க?"

முள்ளெலிக்கு வாய் அடியில் இருக்கிறது. அதில் ஐந்து பல். சிலர் கத்திமுனையால் புரட்டிக் காட்டிவிடுவார்கள். இவள் தொடமாட்டாள். அது பாறை வெடிப்பைத் தாண்டும்போது வயிறு தானே தெரியும். கீழிருந்து விளக்கடித்துப் பார்க்கலாம். அதுவரை காத்திருப்பாள். "புரட்டினா பல்லு தெரியும். திங்கிறது தெரியாது."

கணவர் தையல்காரர். தண்ணீர் என்றால் பயம். "ஊசி குத்தின பந்து என் கடையிலயும்தான் இருக்கு. இவ பாக்குறதுக்குப் பல்லு வேற இருக்காம்" என்று வாடிக்கையாளர்களிடம் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்கு உறைத்திருந்தது. நச்சரித்து, நீச்சல்குளத்தில் பழக்கி, அழைத்து வந்திருந்தாள்.

"ஒரே ஒரு தடவைதான். அப்புறம் கூப்பிடக் கூடாது" என்றார்.

வெடிப்பின் விளிம்பில் ஒரு முள்ளெலி இருந்தது. நகரவில்லை. அவருடைய சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வந்தது. அவர் உள்ளங்கையைத் திருப்பி, புரட்டிவிடேன் என்று சைகை காட்டினார். அவள் தலையசைத்து மறுத்தாள். கைகள் அக்குளைவிட்டு வரவில்லை.

மேலே போகலாம் என்று அவள் கட்டைவிரலை உயர்த்தப் போனபோது அது அசைந்தது. நூல் நூலாகக் கால்கள் நீண்டு எதிர்ப்பாறையைப் பற்றின. வயிறு வெடிப்புக்கு மேலே வந்தது. அவள் விளக்கை அடித்து, ஐந்து விரல்களையும் குவித்து விரித்துக் காட்டினாள். சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள் என நினைத்து அவர் வயிற்றைத் தடவிக் காண்பித்தார். சிரிப்பில் அவள் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. மூக்கால் ஊதி வெளியேற்றிவிட்டு, அவர் தலையை மெல்ல விளக்கொளிப் பக்கம் திருப்பினாள்.

ஐந்து பல்லும் விரிந்தன, கூடின. தொங்கிய பாசியைக் கொறித்தன. பிறகு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அவரை மேலே இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.



மறுநாள் அவர் வழக்கம்போல் கடை திறந்தார். சட்டை தைக்க ஒருவர் வந்தார். அளவுநாடா கழுத்திலேயே கிடந்தது. ஊசிப்பந்தை மேசை விளிம்புக்கு வெளியே பாதி தள்ளிவைத்து, "இதுக்கு அடியில அஞ்சு பல்லு இருக்கு சார்" என்றார். வந்தவர் அதை எடுத்துக் கவிழ்க்கப் போனார்.

"புரட்டக் கூடாது சார். எங்க வீட்டுல திட்டுவாங்க. குனிஞ்சு பாருங்க."

வந்தவர் குனிந்தார். தையல்காரர் பந்துக்கு அடியில் கையைக் கொண்டுபோய், ஐந்து விரல்களையும் மெதுவாக விரித்து, குவித்தார்.