மாமி ஏறினால் நிற்கும் பாட்டு

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிய காலத்தில், அவர்களில் ஒருவர் விட்டுச் சென்ற காரை ஐயா வாங்கினார். மன்னார்க் கடைத்தெருவில் நெல் வியாபாரம் செய்த மனிதருக்குக் கார் அவ்வளவு தேவையில்லை. நெல் மூட்டையைக் காரில் ஏற்றவா முடியும்? அவர் மயங்கியது காருக்குள் இருந்த றேடியோவில். வீட்டில் றேடியோ வைத்திருந்தவர்கள் ஊரில் சிலர் இருந்தார்கள். ஓடுகிற காரில் பாடுகிற றேடியோ எங்களிடம் மட்டும்தான் இருந்தது. சந்தியைக் கடக்கும்போது காரை மெதுவாக விடச் சொல்லுவார். கண்ணாடியையும் இறக்கச் சொல்லுவார். பாட்டு ஊருக்குக் கேட்க வேண்டும், தான் அதைக் கவனிக்காதவர்போல நேரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காரை ஓட்டுவது நான். பகலில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை, பின்னேரத்தில் ஐயாவுக்குச் சாரதி. பள்ளிக்கூடத்தில் மின்சாரத்தைப் பற்றி நாலு பாடம் படித்திருந்ததால் காரிலும் றேடியோவிலும் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அந்தக் காலத்து றேடியோ திருகியவுடன் பாடாது. உள்ளே குமிழ் குமிழாக இருக்கும் வால்வுகள் சூடேற வேண்டும். வாயில் வெற்றிலையை மடித்து வைத்து மெல்லத் தொடங்கும் நேரம் பிடிக்கும். அதன் பிறகு முதலில் ஓர் இரைச்சல், பிறகு அக்கரையில் திருச்சியிலிருந்து வரும் நாதஸ்வரம். கடலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருந்தாலும் கொழும்பைவிடத் திருச்சிதான் எங்களுக்குத் துலக்கமாகக் கேட்கும்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் பாடியது. பிறகு இடையிடையே நிற்கத் தொடங்கியது. ஒரு கொறகொறப்புக்கூட இல்லாமல், கழுத்தைப் பிடித்து நெரித்த மாதிரிச் சட்டென்று நிற்கும். கார் வீடு வந்து சேர்ந்து எல்லோரும் இறங்கிய பிறகு, சற்று நேரத்தில், தானே பாடத் தொடங்கும்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழுது பார்க்க இறங்கினேன். மன்னார்க் காற்றில் உப்பு, அது எதையும் தின்னும். ஆகவே முதல் சந்தேகம் பற்றரி முனைகளில் விழுந்தது. பின்சீற்றுக்குக் கீழே மரப்பெட்டியில் இருந்த பற்றரியைக் காரின் அடிப்பக்கத்து மூடியைத் திறந்து கீழிருந்தே எட்டி, முனைகளைச் சுடுநீரும் சோடாவும் விட்டுக் கழுவிக் கிறீஸ் பூசினேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் நின்றது. மிதிபலகைக்குக் கீழே ஓடிய ஏரியல் கம்பியைச் சுரண்டித் துடைத்தேன். நின்றது. பியூசை மாற்றினேன். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதி மாட்டினேன். வாசலில் நிறுத்திவைத்துப் போட்டால் நாள் முழுதும் பாடும். ஐயாவோடு கடைக்குப் போனால், நான் தனியே பேசாலை வரைக்கும் குண்டும் குழியுமான றோட்டில் குலுக்கிக்கொண்டு போனால், அப்போதும் பாடும். வெள்ளிக்கிழமை திருக்கேதீஸ்வரம் கோயிலுக்குப் போகும்போது மட்டும் நிற்கும்.

வெள்ளிக்கிழமைப் பயணத்தில் ஐயா என் பக்கத்தில் முன்சீற்றில் இருப்பார். பின்னால் இடப்பக்கம் அம்மா. நடுவில் பூசைச் சாமான் கூடை. எனக்குப் பின்னே, வலப்பக்க மூலையில், மாமி.

மாமி ஐயாவின் ஒரே தங்கை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு அவர் பொறுப்பு. அந்தப் பெண்குழந்தை வளர்ந்ததும் ஐயாவே அவளை நானாட்டான் பக்கத்தில் வயல் செய்யும் ஒரு கமக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். எனக்கு மச்சாள் முறை. மாமி வெளியே போவதென்றால் அந்த வெள்ளிக்கிழமைக் கோயில் பயணம் ஒன்றுதான்.

அந்த வலப்பக்க மூலை குத்தும். கார் வந்த புதிதில் அம்மா அதில் ஏறி இருந்து நல்ல சேலை ஒன்றைக் கிழித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அது மாமியின் இடமாகிவிட்டது. அப்படி ஒருவரும் தீர்மானிக்கவில்லை. வீட்டில் பல விஷயங்கள் ஒருவரும் தீர்மானிக்காமலே மாமியிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலால் வந்து இறங்கியதும் அம்மா என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

"உன்ர மாமி ஏறினாத்தான் அது நிக்குது. நீ கவனிச்சனியோ?"

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை அம்மா, என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். படித்தவன் அல்லவா, அப்படிச் சும்மா சொல்ல மனம் வரவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றேன். மூடநம்பிக்கையை ஒழிக்கிற பெரிய வேலை செய்கிறேன் என்ற நினைப்பு வேறு.

அடுத்த நாள் பின்னேரம் காரை வாசலில் றோட்டோரமாக நிறுத்தி, றேடியோவைப் போட்டேன். ஐயா வாசலில் கதிரை போட்டு அமர்ந்திருந்தார். பாட்டுக் கேட்டதும் பக்கத்துக் கடையில் நின்றவர்கள், வேலியோரத்துப் பெண்கள் என்று சனம் சேர்ந்துவிட்டது. மாமியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மாமி, ஒருக்கா ஏறி இருங்கோ."

ஏறி, தன் மூலையில் இருந்தார். பாட்டு நின்றது.

"இப்ப இறங்குங்கோ."

இறங்கினார். எல்லோரும் காத்திருந்தோம். சற்று நேரத்தில் நாதஸ்வரம் வந்தது.

"திருப்பி ஏறுங்கோ."

நின்றது.

"றேடியோவுக்கும் ராசி தெரியுது போல" என்று வேலியோரத்தில் ஒரு குரல் சொன்னது. சிரித்தார்கள். என் உதட்டிலும் சிரிப்பு வந்தது, அதை அடக்க நான் பெரிதாகப் பாடுபடவில்லை. மாமி குனிந்த தலை நிமிராமல் இறங்கி நின்றார். பாட்டு மறுபடி வந்தது, நான் விடவில்லை. இன்னொரு தரம் பார்த்தால்தான் சோதனை முழுமை என்றேன். உடம்பு முழுவதையும் மாட்டுச் சந்தையில் பார்க்கிற மாதிரி ஊர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் மூன்றாம் தரமும் ஏறினார்.

அந்த முறை பாட்டு நிற்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் இரு பக்கமும் சீற்றில் ஊன்றியபடி இருந்தார். தோள்கள் உயர்ந்திருந்தன. "என்ன மாமி, பயமோ?" என்றேன். "இல்லைத் தம்பி, நீ பார்" என்றார்.

ஒரு நேரம் நிற்கிறது, ஒரு நேரம் நிற்கவில்லை, ஆகவே ஒன்றும் சொல்ல முடியாது என்று நான் தீர்ப்பு வழங்கினேன். என் தீர்ப்பை யார் கேட்டார்கள்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. இருட்டுவதற்குள் கதை கடைத்தெருவைச் சுற்றி வந்துவிட்டது.

மாமியின் மகள் கர்ப்பமாக இருந்தாள், அந்த நேரம் பார்த்து அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான். நானாட்டானுக்குப் போய் அவளை அழைத்துவர நாளும் குறித்திருந்தார்கள். மாமி தான் உடுத்திக்கொண்டு போவதற்கு ஒரு சேலையை எடுத்துக் கதிரையில் போட்டு வைத்திருந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது ஐயா சோற்றைப் பார்த்தபடி சொன்னார்: "தங்கச்சி, நீ வீட்டில நில். பிள்ளைத்தாய்ச்சியோட வாற பயணம். இவன்ர தாய் போய்க் கூட்டிக்கொண்டு வருவா."

மாமி எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். அகப்பை ஒரு கணம் நின்றது. "ஓம் அண்ணை" என்றார்.

கை கழுவ எழுந்தபோது என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "நானே வாறன் எண்டு வண்டில்காரனிட்டச் சொல்லி விட்டனான். பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாள்." உடனேயே, "பரவாயில்லை. அம்மா போறா தானே" என்று தானே முடித்துக்கொண்டார். பெற்ற மகளைப் பேற்றுக்கு அழைத்துவரப் போகக் கூடாது என்று ஒரு தாயை நிறுத்திவிட்டோம். அதற்கு ஆதாரம் நான் நடத்திய சோதனை. ஆனாலும் வாயைத் திறந்து ஐயாவிடம் ஒரு சொல் சொன்னேனா என்றால், இல்லை. மாமி அந்தச் சேலையை மடித்து அலுமாரியில் வைத்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். றேடியோ பாடிக்கொண்டிருந்தது. அம்மா வாசலுக்கு வந்து சொன்னார்: "பிள்ளைத்தாய்ச்சி சாய்ஞ்சு இருக்கவேணும். அந்த மூலை குத்தும். சீற்றைக் கழட்டி ஏதேனும் செய்."

கார் வந்து அத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சீற்றை உயர்த்தினேன். கீழே மணலும், காய்ந்த கோயில் பூக்களும் கிடந்தன. அந்த மூலையில் ஸ்பிரிங் ஒன்று உடைந்து, ஒரு நுனி மேலே குத்திட்டும் மற்ற நுனி கீழ்நோக்கி வளைந்தும் இருந்தன. நேர் கீழே, பற்றரிப் பெட்டியிலிருந்து றேடியோவுக்குப் போகும் வயர். துரையின் ஆட்கள் யாரோ இரண்டு துண்டு வயரை வெறுமனே முறுக்கி, துணி சுற்றி விட்டிருந்தார்கள். சீற்றை மறுபடி வைத்து அந்த மூலையை முழங்காலால் அழுத்தினேன். பாட்டு நின்றது. முழங்காலை எடுத்தேன். வால்வு சூடேறிக் கொஞ்சம் பிந்திப் பாட்டு வந்தது. கீழ் நுனி வயரைத் தள்ளி முறுக்கை விலக்குகிறது, பாரம் எழும்பினால் முறுக்கு மறுபடி பொருந்துகிறது. இதற்குத்தான் நான் ஏரியலைச் சுரண்டினேன், வால்வை ஊதினேன், ஒரு மனுஷியை நடுறோட்டில் ஏற்றி இறக்கினேன்.

ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் கையாலேயே அழுத்திப் பார்த்தார். பாட்டு நின்றது. கையை எடுத்துவிட்டு, அது வரும்வரை நின்றார். நம்ப மனமில்லாமல் இன்னொரு தரமும் அழுத்தினார்.

"இது எவ்வளவு நாளா உடைஞ்சு கிடக்குது?"

"வாங்கின நாள் முதல் குத்திறதுதானே, ஐயா."

அம்மா, "எனக்குக் குத்தினது தெரியும், நான் இடம் மாறின பிறகு ஆரும் குத்துதெண்டு சொல்லேல்லையே" என்றார். சொல்லக்கூடியவர் ஒருவர்தான், அவர் அடுப்படியில் இருந்தார். அம்மாவுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும், சட்டென்று உள்ளே போய்விட்டார். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். எங்கள் கூடம் உண்மையிலேயே கோணல்தான், அந்தக் கோணலில் ஒரு விதவையைக் கொண்டுபோய் இருத்திவிட்டு, கோணல் அவர்தான் என்று நாங்கள் சொன்னோம்.

"அவளையும் வரச்சொல்லு" என்று ஐயா என்னிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நீங்களே போய்ச் சொல்லுங்கோ என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

மாமி பயற்றம்பணியாரத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார், மகளுக்குக் கொடுத்தனுப்ப.

"மாமி, நாளைக்கு நீங்களும் வாறீங்கள்."

"அண்ணை சொன்னவரோ?"

"ஓம். பிழை சீற்றில. ஸ்பிரிங் உடைஞ்சு வயரில முட்டினது. உங்களால இல்லை."

"இருந்தாத்தானே முட்டும்?"

"ஓம்."

"நான் இருந்தா."

"ஆர் இருந்தாலும் மாமி."

"ம்" என்றார். பாகு பொங்கியது, அடுப்பைத் தணித்தார். மன்னித்துக்கொள்ளுங்கோ என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் சின்னவர்களிடமும், ஆண்கள் பெண்களிடமும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. பழக்கமில்லாத சொல் வெளியே வரவில்லை.

அன்றே ஸ்பிரிங்கை வளைத்துக் கட்டி, மேலே சாக்கு வைத்துத் தைத்து, வயரை ஒழுங்காக இணைத்து ஓரமாகக் கொண்டுபோனேன். ஏறி இருந்து குதித்தும் பார்த்தேன். றேடியோ பாடிக்கொண்டே இருந்தது.

காலையில் மாமி அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தார். ஐயா, "தங்கச்சி, நீ மற்றப் பக்கம் இரன்" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். "வேண்டாம் அண்ணை, எனக்கு இதுதான் பழக்கம்" என்று மாமி தன் மூலையிலேயே ஏறிக்கொண்டார்.

மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்து றோட்டில் கார் ஏறியது. இரு பக்கமும் கடல், வெயில் இன்னும் சுடவில்லை. நாதஸ்வரம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஐயா வழக்கம்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தற்செயலாகக் கண்ணாடியில் பார்த்தேன். மாமியின் தலை வழக்கத்தைவிட உயரத்தில் தெரிந்தது. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. நெற்றியில் வியர்வை.

"மாமி, ஏன் அப்பிடி? ஒழுங்கா இருங்கோவன்."

"பாரத்தை விட்டு இருக்கட்டே தம்பி?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசலில் மூன்றாம் தரம் பாட்டு ஏன் நிற்கவில்லை என்றும் விளங்கியது.

"கையை ஊண்டித் தூக்கிப் பிடிச்சாப் பாடுது தம்பி. அண்டைக்கு அதைக் கண்டுபிடிச்சனான்" என்றார் மாமி, ஏதோ சமையல் பக்குவம் சொல்வதுபோல. "பாலம் தாண்டும் வரைக்குமாவது பாடட்டும் எண்டுதான். கை கொஞ்சம் உளையுது."

"இனி நிக்காது மாமி. இருங்கோ."

மெல்ல, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இருந்தார். பாட்டு நிற்கவில்லை. அம்மா வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காருக்குள் நாதஸ்வரம் மட்டும் கல்யாண வீடு மாதிரி முழங்கியது. ஐயாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. கையை நீட்டி றேடியோவை நிறுத்தினார்.

சத்தம் நின்றதும் மாமி திடுக்கிட்டு, மறுபடியும் கைகளை ஊன்றி எழும்பினார்.

"நான் இல்லை அண்ணை" என்றார்.

நான் ஒரு கையை எட்டி றேடியோவின் திருகியைத் திருப்பினேன். "ஐயாதான் நிப்பாட்டினவர், இருங்கோ மாமி, இருங்கோ" என்று கெஞ்சினேன். மாமி தலையாட்டினார், இருக்கவில்லை. வால்வுகள் சூடேறிப் பாட்டு வரும்வரை அப்படியே கைகளில் நின்றார்.