‘சேமிக்கப்பட்டது’ என்று சொன்ன பெட்டி

ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் அவளுக்குக் கடுகு என்று பெயர். சட்டென்று வெடிப்பாள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. பதினாறு வருடமாக அங்கே டெக்னீஷியன். அன்று அவள் வெடித்ததில் முழு நியாயம் இருந்தது என்பதுதான் என் கட்சி.

மேல்மாடியில் பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். இருப்பில் இருந்த ஒரே ஒரு பையும் மேலே போயாயிற்று. “கூப்பிட்டா வந்து கொடுக்கறோம்” என்று அந்த வகைக்காரர் இரண்டு பேர் போன வாரம்தான் பெயரும் போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பதிந்தவளே கடுகுதான். கம்ப்யூட்டரில் தேடினாள். அந்த இரண்டு பேர் மட்டுமல்ல, பதினோரு நாளாகப் பதிந்த ஒருவர்கூட அதில் இல்லை.

பக்கத்து ஊர் வங்கிக்குப் போன் போட்டு வண்டியைக் கிளப்பினாள். அடுத்த போன் கணவருக்கு. வெட்கக்கேடு, பதினோரு நாளைக்கு முன் கம்ப்யூட்டரில் ஏற்றிய அந்த மென்பொருளை எழுதியதே அவர்தான். அச்சகத்தில் வேலை, நான்கு மாதம் வீடியோ பார்த்துப் புரோகிராம் கற்றவர். “பேர் எழுதற நோட்டை மூடுங்க, என் வீட்டுக்காரர் செஞ்சு தருவார்” என்று ரத்த வங்கி டாக்டரிடம் மல்லுக்கட்டியவளும் இவளேதான்.

அவர் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுச்சே!”

“நோயாளி நம்ம வீட்லயா படுத்திருக்கா?”

உட்கார்ந்து குடைந்ததில் விஷயம் வெளிவந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்த ஃபோல்டரிலும் எழுத அவருக்கு அனுமதி உண்டு. இங்கே ஊழியர்களுக்குக் கிடையாது. தகவல் கோப்பை மென்பொருள் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருந்தார். அதில் எழுத முடியவில்லை. பயனருக்கென்று இருக்கும் ஃபோல்டரில் வைத்திருக்க வேண்டும். அல்லது ஒரே ஒரு நாள் அவளுடைய நாற்காலியில், அவளுடைய லாகினில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். புதிதாக எழுதுகிற எல்லோரும் சறுக்குகிற இடம், அதைக்கூட மன்னிக்கலாம்.

“அப்போ ஒவ்வொரு தடவையும் ‘சேமிக்கப்பட்டது’ன்னு திரையில ஒரு பெட்டி வந்துச்சே?”

“பட்டனை அழுத்தினா வரும். அப்படித்தான் எழுதினேன்.”

“சேமிச்சுதா இல்லையான்னு பாக்காமலேயா?”

அவர் அந்த வரிகளைத் தேடி எடுத்துத் திரையில் காட்டினார்.

“முடியலன்னா பிழைன்னு ஏதாவது காட்டாதா அது?”

“காட்டும். நான்தான் அதைத் திரைக்கு வராமப் பிடிச்சு, ஒண்ணும் செய்யாம விட்டுடற மாதிரி எழுதினேன். டாக்டர் முன்னாடி சிவப்பா ஏதாவது வந்தா உனக்கு அசிங்கமா இருக்குமேன்னு...”

கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என் மானத்தைக் காப்பாத்துங்கன்னு உங்ககிட்ட அழுதேனா? முடியலன்னா முடியலன்னு ஒரு வரி! அது வந்திருந்தா அன்னிக்கே நோட்டைத் திறந்திருப்பேனே!”

அங்கேயே உட்கார்ந்து அவர் திருத்தி எழுதினார். இனி மென்பொருள் தான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து, இருந்தால் மட்டுமே ‘சேமிக்கப்பட்டது’. இல்லையென்றால் ஏன் இல்லை என்று கொட்டை எழுத்தில்.

ரத்தம் வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் பிழைத்தாள்; ஆனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

டாக்டர் கடுகைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏன் லேட்டுன்னு அந்தப் பொண்ணு வீட்ல கேப்பாங்க. ஸ்டாக் இல்லைன்னு சொல்லிடுங்கம்மா. கம்ப்யூட்டர் விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். உங்க வேலைக்கும் அதான் நல்லது.”

“ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கணும், அதானே டாக்டர்? பதினோரு நாளா அந்தப் பெட்டியும் அதைத்தான் சொல்லிச்சு.”

கணவரிடம் வந்தாள். “எழுந்திருங்க.”

மேல்மாடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண்ணின் தாய். கடுகு நேராகப் போய் நின்றாள்.

“அம்மா, ரத்தம் லேட்டானது எங்க தப்பு. கொடுக்கறதுக்கு ஆளுங்க இருந்தாங்க. அவங்க நம்பரை நாங்க தொலைச்சுட்டோம்.”

அந்த அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

“யாரு தொலைச்சது?”

கடுகு வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற கணவர் முன்னே வந்தார்.

“நான்தாம்மா.”