என்ஜின் நின்ற வேளையில் நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்

என் கணவரின் விமானம் கடலின் மேல் என்ஜின் நின்று கீழே இறங்கிக்கொண்டிருந்த வேளையில் நான் பிரார்த்தனை செய்யவில்லை. அவர் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார் என்று நினைத்துப் பெருமாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியானால் அன்று அவரைக் காத்தது எது? கேட்பதற்கு முன்பே பெருமாள் கொடுத்துவிடுவாரா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரிந்த பிறகு எழுதலாம் என்று பல மாதங்கள் தள்ளிப்போட்டேன். பெற்ற உபகாரத்தைச் சொல்லாமல் வைத்திருப்பதும் சரியில்லை என்று தோன்றியதால் இப்போது இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கிறோம். மாமனார் இல்லை. மாமியார், நான், குழந்தை கோதை, என் கணவர், இவ்வளவுதான் வீடு. அவர் விமானம் ஓட்டுகிறவர். திருச்சியிலிருந்து கொழும்புக்குத் தபாலும், சில நாட்களில் ஒரு பிரயாணியும் ஏற்றிச் சென்று மறுநாள் திரும்புவார். அதே கம்பெனியில் இன்னொரு பைலட் மெட்ராஸுக்கும் திருச்சிக்கும் இடையே ஓட்டுகிறார். அவர் குடும்பம் கன்டோன்மென்டில் இருக்கிறது.

கடல் தாண்டுகிற வேலை என்பதால் உறவினர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிராயச்சித்தம் பண்ண வேண்டாமா என்று ஒரு கல்யாண வீட்டில் பந்தியிலேயே கேட்டுவிட்டார்கள். இவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "கடல்லயே பள்ளிகொண்டிருக்கிற பெருமாளை தினம் சேவிக்கறோம். அவருக்கு யார் பிராயச்சித்தம் பண்ணி வைக்கறா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பயம் சாஸ்திரத்தைப் பற்றியது அல்ல. தண்ணீரைப் பற்றியது.

நான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள். அதனால் அவருடைய வேலையின் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்று நினைத்தேன். அவர் ஓட்டும் விமானத்துக்கு ஒரே ஒரு என்ஜின். அப்படிப்பட்ட விமானம் கடலின் மேல் போகும்போது, என்ஜின் நின்றாலும் சறுக்கிக்கொண்டே வந்து ஏதாவது ஒரு தரையைத் தொடக்கூடிய தூரத்துக்குள்தான் போக வேண்டும் என்பது அவர்கள் கம்பெனி விதி. ஆகையால் கொழும்புக்கு நேர்கோட்டில் போகமாட்டார்கள். தனுஷ்கோடி வரை கரையோடு போய், அங்கிருந்து மணல் திட்டுகளை ஒட்டித் தலைமன்னாருக்குத் தாண்டி, மறுபடி கரையோடு போவார்கள். அது சுற்றுவழி. பெட்ரோல் அதிகம் பிடிக்கும்.

"நின்னா கல்லு மாதிரி விழாதுடி. பனை விசிறியைத் தூக்கிப் போட்டா எப்படி வரும்? அப்படி வரும்" என்று சொல்லி, கோதையின் தலைக்கு மேலாக விசிறியை எறிந்து காட்டினார். விசிறி மாமியாரின் மடியில் போய் விழுந்தது.

"இதுதான் நீ இறங்கற லட்சணமாடா?" என்றார் மாமியார்.

பெட்ரோல் எவ்வளவு நேரம் வரும் என்பதையும் கேட்டு வைத்திருந்தேன். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். சாதாரணமாக ஒருவர் தாமதமானால், வந்துகொண்டிருப்பார் என்று எவ்வளவு நேரமானாலும் சொல்லிக்கொள்ளலாம். விமானத்தில் போனவருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஓர் எல்லை உண்டு. அந்த வேளை தாண்டிவிட்டால் அவர் ஆகாயத்தில் இருக்க முடியாது. வேறு எங்கோதான் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், ஐப்பசி மாதம். வாடைக்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து வடக்கே வரும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. அன்று உச்சிப்பொழுதுக்குள் அவர் திருச்சிக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் விமான நிலையத்திலிருந்து யாராவது சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அன்று யாரும் வரவில்லை.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சித்திரை வீதியில் டாக்டர் வீட்டுக்குப் போனேன். அங்கே டெலிபோன் உண்டு. டாக்டரின் மனைவி விமான நிலையத்துக்கு இணைப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். நான் தனியாகக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்முனையில் எனக்குப் பழக்கமில்லாத குரல்.

"யாருங்க?"

"பைலட் ஆத்துல இருந்து பேசறேன்."

"எந்தப் பைலட்டுங்க?"

எனக்கு வாய் வரவில்லை. கணவர் பெயரைச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறேன். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களைச் சொல்லச் சொல்லலாம். இடுப்பில் இருந்த குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அந்த வேளையிலா ஆயுசோடு விளையாடுவது என்று நினைத்தேன்.

"எங்காத்துக்காரர்... இன்னிக்கு வரணும்" என்றேன்.

"ஓ, நீங்களாம்மா? சார் இப்பத்தாங்க இறங்கினார். கவலைப்படாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. "வந்தாச்சும்மா" என்று வாசலிலிருந்தே சொன்னேன். மாமியார் கண்ணை ஒற்றிக்கொண்டார். நான் குளித்து, அக்காரவடிசல் பண்ணி, பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப்பண்ணினேன். "காப்பாத்திக் கொடுத்துட்டே, காப்பாத்திக் கொடுத்துட்டே" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ்வளவு மனம் நிறைந்து அதற்குமுன் நான் சேவித்ததில்லை. பிற்பாடு கணக்குப் பார்த்தபோது தெரிந்தது. கொழும்பில் மழையால் அவர் தாமதமாகக் கிளம்பியிருந்தார். நான் அப்படி நெகிழ்ந்து நின்றிருந்தபோதுதான் கடலின் மேல் என்ஜின் நின்றிருக்கிறது.

இலை போட்டுவிட்டுக் காத்திருந்தோம். பிற்பகலில் சைக்கிள் மணி கேட்டது. அவர்தான் என்று ஓடினேன். விமான நிலையத்தில் வேலை பார்க்கும் சையது பாய் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே, "பார்சல் வந்தாச்சும்மா!" என்று சத்தம் போடுகிறவர். அன்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவர் எங்கே?" என்றேன்.

"சார் இன்னும் வரலைம்மா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"வந்தாச்சுன்னு டெலிபோன்ல சொன்னாளே!"

"யாரும்மா சொன்னது?" என்றவர் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா. புதுசா வந்த பையன்மா. மெட்ராஸ் விமானம் அப்பத்தான் இறங்குச்சு. அந்த சார் வீட்டம்மா தினமும் போன் பண்ணுவாங்க. நீங்கதான் அவங்கன்னு நினைச்சுட்டான் போல. நீங்க பேரு சொல்லலியா?"

நான் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முழுவதும் நினைத்தேன். விமானத்துக்கு நேர்ந்தது மாறியிராது. ஆனால் அத்தனை நேரமும் நான் அவருக்காக வேண்டிக்கொண்டிருந்திருப்பேன். அதற்குப் பதிலாக இன்னொருத்தியின் கணவருக்காக நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எதுவரைக்கும் வந்தார்?"

"தலைமன்னாரைத் தாண்டினதப் பாத்திருக்காங்க. தனுஷ்கோடியில யாரும் பாக்கலைன்னு தந்தி வந்திருக்கு."

"பெட்ரோல்?"

சையது பாய் என்னைப் பார்க்காமல் சைக்கிள் கைப்பிடியைப் பார்த்தார். "தீர்ந்திருக்கும்மா" என்றார்.

சையது பாய் போனபிறகு வீட்டிலிருக்கும் பெருமாள் சன்னிதியின் முன் உட்கார்ந்தேன். பிரசாதம் இன்னும் அங்கேயே இருந்தது. என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவர் ஆகாயத்தில் இல்லை. அது நிச்சயம். என்ன நடக்க இருந்ததோ அது நடந்து முடிந்திருக்கும். முடிந்துபோனதை மாற்றிக் கொடு என்று கேட்பது முட்டாள்தனம் அல்லவா? கேட்காமல் இருந்தால் அது துரோகம் அல்லவா? கீழே தண்ணீராக இருக்கக் கூடாது, தரையாக இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டினேன். வேண்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பயம் வந்தது. டெலிபோனில் நேர்ந்த பிசகு இங்கேயும் நேர்ந்துவிட்டால்? யாருக்காகக் கேட்கிறேன் என்று பெருமாளுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் அன்று எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

திரும்பி மாமியாரைப் பார்த்தேன். "அம்மா, பேரைச் சொல்லிக் கேக்கட்டுமா?" என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "உன் மாமனார் பேரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. கனவுலகூடச் சொன்னதில்லை. அப்படியும் அவர் போயிட்டார். நீ சொல்லுடி."

"வரதராஜன்" என்றேன். கல்யாணமாகி முதல் தடவை. குரல் என்னுடையதாகவே தோன்றவில்லை. "வரதராஜனைக் காப்பாத்து." மாமியாரும் என்னோடு சேர்ந்து, "என் பிள்ளை வரதன், என் பிள்ளை வரதன்" என்று சொல்ல ஆரம்பித்தார். குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அழுதது. அதற்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னேன். நிறுத்தவில்லை.

விளக்கேற்றி வெகுநேரம் கழித்துத் தந்திச் சேவகன் வந்தான். உறையை எதிர் வீட்டுக்காரரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். தனுஷ்கோடியிலிருந்து தந்தி. மணல் திட்டில் இறங்கியதாகவும், தானும் பிரயாணியும் சௌக்கியம் என்றும் அவரே கொடுத்திருந்தார்.

மறுநாள் ரயிலில் வந்தார். சட்டை முழுவதும் உப்பு பூத்திருந்தது. என்ஜினில் எண்ணெய்க் குழாய் வெடித்துவிட்டதாம். சீக்கிரம் வரும்படி கொழும்பு ஆபீசில் அவசரப்படுத்தினார்களாம். நேர்வழியாக வந்தால் நேரமும் பெட்ரோலும் மிஞ்சும் என்று பிரயாணியும் சொன்னாராம். விதி விதிதான் என்று இவர் சுற்றுவழியிலேயே வந்திருக்கிறார். என்ஜின் நின்றதும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு மணல் திட்டு. சறுக்கிக்கொண்டே வந்து அதில் இறங்கியிருக்கிறார். சக்கரம் புதைந்து விமானம் மூக்கை ஊன்றிக்கொண்டது. யாருக்கும் காயமில்லை. விமானத்தில் வைத்திருந்த மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு இருவரும் மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாயங்காலம் மீனவர்கள் படகோடு வந்து ஏற்றிக்கொண்டார்கள்.

"நேர்வழியா வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"கீழே தண்ணிதான்" என்றார். பிறகு சிரித்து, "பேரெல்லாம் சொன்னியாமே? எங்கே, ஒரு தடவை சொல்லு பாக்கலாம்" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

கம்பெனி விதிதான் காப்பாற்றியது, இதில் பெருமாள் என்ன செய்தார் என்று ஓர் உறவினர் கேட்டார். எல்லோரும் அவசரப்படுத்தியபோது அந்த விதியை விடாமல் பிடித்துக்கொள்ளும் மனத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று நான் கேட்கிறேன். அன்றிலிருந்து என் வாழ்க்கை மாறியிருக்கிறது. விமான நிலையத்துக்குப் பேசும்போது அவர் பெயரை முழுசாகச் சொல்கிறேன். ஊரில் பேசுகிறவர்கள் பேசட்டும். மெட்ராஸ் விமானம் ஓட்டுகிறவருக்காகவும் தினமும் வேண்டுகிறேன். அன்று தெரியாமல் அவருக்காக நன்றி சொன்னேன். இப்போது தெரிந்தே கேட்கிறேன். கன்டோன்மென்டிலிருந்து அந்த அம்மாவும் எங்களுக்காக வேண்டுவதாகச் சொல்லியனுப்பினார். கேட்டும் பயனில்லை, காலம் கடந்துவிட்டது என்று நினைத்து யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடந்திருந்தாலும் கேளுங்கள். நான் கேட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தை மாதம் கம்பெனிக்கு இரண்டு என்ஜின் வைத்த புது விமானம் வருகிறது. ஒன்று நின்றாலும் இன்னொன்று கரை சேர்க்குமாம். ஆகையால் அந்த விமானம் நேர்வழியில் கடலின் மேலேயே போகலாம் என்று விதி. அதை ஓட்ட இவரைக் கேட்கிறார்கள். முன்னதைவிட அதுதான் பத்திரம் என்று இவர் சொல்கிறார். அதைப் பற்றிய காகிதங்களை நானும் படித்துப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் நேர்வழியில் மணல் திட்டு கிடையாது. "நீ சொல்றபடி செய்யறேன்" என்று முடிவை என்னிடமே விட்டுவிட்டார்.

பெருமாளை நம்புகிறவள், போயிட்டு வாங்கோ என்று சொல்ல வேண்டுமா? ஒரு தடவை காத்துக் கொடுத்ததைப் போதும் என்று எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா? ஒரு நாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் மற்றது. கப்பலிலும் ரயிலிலும் வேலை பார்க்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் இதைப் படிப்பீர்கள். நீங்கள் என்ன சொல்லி அனுப்புகிறீர்கள்? தை பிறப்பதற்குள் எனக்கு எழுதுங்கள். அவர் தினமும் கேட்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.