வடக்கே தலை

பீர்க்கன்கரணை லோகநாயகி டீச்சருக்குச் சாஸ்திரம் முக்கியம். கணவர் சுப்ரமணியன் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். கழுத்து இடப்பக்கம் திரும்பாது. மலை பார்க்க ஆசைப்பட்டார். கட்டில் வைத்த கேரவனை டீச்சர் வாடகைக்கு எடுத்தார்.

"தெக்க போறோம். தலை முன்பக்கம் இருக்கட்டும்."

"அப்படிப் படுத்தா ஜன்னல் சாருக்கு இடப்பக்கம் வருதும்மா" என்றார் டிரைவர்.

"வடக்க தலை வைக்கக் கூடாதுப்பா."

கொடைக்கானல் பாதை எல்லாத் திசைக்கும் வளைந்தது, டீச்சர் வளையவில்லை. ஜன்னலோரம் நின்று மேகம், அருவி என்று சொல்லிக்கொண்டே வந்தார். சுப்ரமணியன் கழிவறைக் கதவைப் பார்த்துக் கிடந்தார்.

மலை இறங்கி வண்டி சென்னைப் பக்கம் திரும்பியதும், தலை வடக்கே ஆகிறதென்று டீச்சர் அவரை மாற்றிப் படுக்கவைத்தார். ஜன்னல் வலப்பக்கம் வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஊர் தாண்டும்போது கம்பெனிச் சுவர்களைச் சுப்ரமணியன் கண்கொட்டாமல் பார்த்தார்.

வீட்டு வாசலில் இறக்கும்போது கேட்டார்: "மலை எப்ப வரும்?"