ராமேஸ்வரத்துக்கு ஓர் அலைப்பலகை

மதுரை ஜங்ஷனில் ராமேஸ்வரம் வண்டி கிளம்பக் காத்திருக்கிறது. நானும் ஜெபராஜும் ஆளுயரப் பலகை ஒன்றைச் சன்னலோரம் சாய்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறோம். வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தைக் காட்டிச் செல்லூர் ஆசாரியிடம் செய்து வாங்கியது. தீவுக் கடற்கரையில் அதன்மேல் ஏறி நின்று, லீவு முழுக்க அலையில் சறுக்குவதாகத் திட்டம். லீவு கேட்டபோதே மேலாளர், "யாருக்குத் திதி?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

எதிரே இருக்கும் பரவை மார்க்கெட் காய்கறி வியாபாரியும் அதையேதான் கேட்கிறார்.

"அப்பாவுக்காண்ணே?"

"அப்பா நல்லா இருக்காரு. நாங்க அலையில வெளையாடப் போறோம்."

"ராமேஸ்வரத்துலயா? அங்க ஏதுண்ணே அலை? கம்மாத் தண்ணி கணக்கா அசையாமக் கெடக்கும். அதனாலதான அம்புட்டுப் பேரும் பயமில்லாம முங்குறாக."

ஜெபராஜ் என்னைப் பார்க்கிறான். ஊரைத் தேர்ந்தெடுத்தது நான் என்பதால் நான் பலகையைப் பார்க்கிறேன்.

வண்டி நகர்கிறது. வியாபாரி கொஞ்சம் தயங்கி, "நான் மானாமதுரையில எறங்கிருவேன். போறதுதான் போறீக, எங்கப்பா பேரச் சொல்லி ஒரு முங்கு போட்டுருங்கண்ணே. கருப்பையா" என்கிறார்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஜெபராஜ், "கருப்பையாதானண்ணே?" என்று மறுபடி கேட்டு மனதில் வைத்துக்கொள்கிறான்.

எங்கள் திட்டத்தில் நிச்சயமாக நடக்கப்போவது இது ஒன்றுதான்.